ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சத்தம்: ஆயில் மாற்றலாமா, பெட்டியைப் பிரித்து ஓவரால் செய்யலாமா, பழைய பெட்டி வாங்கலாமா?

குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கம் ஓடும் ஆட்டோமேட்டிக் கார்களுக்குச் சமவெளிக் கணக்கு ஒத்துவராது. லோயர் கேம்ப் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் பாகம்) லாக் ஆகாமல் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கும். சூட்டில் ஆயில் சீக்கிரமே கெடும். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி ஊளையிட்டதும் 'பெட்டி போச்சு' என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. சத்தம் இன்ஜினோடு ஏறுகிறதா, சக்கரத்தோடு ஏறுகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

'பி'யில் நிறுத்தி 2000 ஆர்பிஎம் வரை மெல்ல மிதியுங்கள். ஊளையும் கூடவே ஏறினால் ஆயில் பம்ப் மீது சந்தேகம். ஆயில் குறைந்தாலும் ஃபில்டர் அடைத்தாலும் பம்ப் காற்றை இழுத்துக் கத்தும். ஆல்டர்னேட்டரும் இதே மாதிரிக் கத்தும் என்பதால், பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்த்து அதை ஒதுக்கிவிடலாம். பிரேக்கை மிதித்து 'டி' போட்டால் வந்து, 'என்' போட்டால் மறையும் கரகரப்பு என்றால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பேரிங்கைப் பாருங்கள். ஐடிலில் டக்டக் என்று தட்டினால், கன்வெர்ட்டர் போல்ட் தளர்ந்திருக்கலாம், இன்ஜினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டில் விரிசல் விழுந்திருக்கலாம். கீழ் மூடியைக் கழற்றினாலே தெரியும், பெட்டியை இறக்க வேண்டாம்.

நேரான, ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் 'என்' போடுங்கள் (இறக்கத்தில் வேண்டவே வேண்டாம்). ஆர்பிஎம் விழுந்த பிறகும் உறுமல் குறையாவிட்டால் வீல் பேரிங்கை முதலில் பாருங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் பெரும்பாலும் இடது சக்கரம். எடை அந்தப் பக்கம் சாய்வதுதான் காரணம். டயர் பூ சீராகத் தேயாவிட்டாலும் இதே உறுமல்தான், அதனால் டயரை இடம் மாற்றிப் பார்ப்பது நல்லது. மிதிக்கும்போது ஒரு சத்தம், விடும்போது வேறு சத்தம் என்றால் டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) பக்கம் போகலாம்.

பெட்டிதான் என்று உறுதியானால் வழி மூன்று. மூன்றிலும் முதலாவது ஆயில். அளவு பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி வேறு: பலவற்றில் சூடான இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும், பழைய ஹோண்டாவில் அணைத்து ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள். ட்ரெய்ன் போல்ட்டைத் திறந்தால் மொத்த ஆயிலில் பாதிகூட வராது, மீதி கன்வெர்ட்டரில் தங்கிவிடும். எட்டு லிட்டர் பெட்டியில் மூன்றரை லிட்டர் வந்தால், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை மாற்றும்போது எண்பது சதவீதத்துக்கு மேல் புதிதாகிவிடும். மெஷின் வைத்து ஒரே மூச்சில் மாற்றுவது வேகம்தான். ஆனால் பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தட்டான சம்ப்பைக் கழற்றாமல் செய்தால் ஃபில்டரும் கசடும் அப்படியே கிடக்கும். நீண்ட நாள் மாற்றாத பெட்டிக்கு மெஷினை விடவே கூடாது என்பது எங்கள் கருத்து. கிரேடு மேனுவலில் உள்ளதுதான். எஸ்பி-3 கேட்கும் ஹூண்டாயில் ஹோண்டாவின் டிடபிள்யூ-1 ஊற்றுவது புது வியாதியை வாங்குவது.

சம்ப் காந்தத்தில் சாம்பல் நிற மாவு இருந்தால் பயமில்லை. உலோகச் சில்லு இருந்தாலோ, கருகிய வாடையோடு கியர் வழுக்கினாலோ ஆயில் செலவு வீண். இளஞ்சிவப்புப் பால் நிறத்தில் ஆயில் வந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டை, தண்ணீர் கலந்துவிட்டது. அதை மாற்றாமல் எதைச் செய்தாலும் திரும்ப வரும்.

அப்புறம் ஓவராலா, சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பெட்டியா? கியர் ஒழுங்காக விழுந்து, சத்தம் ஒரே கியரில் மட்டும் வந்தால் ஓவரால்: அந்த கியரின் பேரிங், சீல் கிட், ஃபில்டர், கிளட்ச் தட்டுகள். கேஸே உடைந்திருந்தால்தான் பழைய பெட்டி. வாங்கும்போது பெட்டியின் தகட்டில் உள்ள குறியீடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்; கன்வெர்ட்டரையும் சேர்த்தே வாங்குங்கள். பொருத்தும் முன் கூலரையும் பைப்பையும் மாற்றிவிடுங்கள் அல்லது கழுவித் துப்புரவாக்குங்கள். கழற்றிய பெட்டியின் உலோகத் தூள் அங்கேதான் தங்கியிருக்கும்; வந்த பெட்டியையும் அதுதான் தின்னும்.

ஏஎம்டி வண்டிக்கு இந்தக் கன்வெர்ட்டர், ஆயில் கணக்கெல்லாம் பொருந்தாது. அது மேனுவல் பெட்டிதான், கிளட்சும் கியரும் மட்டும் தானாக இயங்கும். சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கில் தொடங்குங்கள்.