ரங்க சங்கராவின் ஏழரை மணி

பெங்களூரு ஜெ.பி. நகர் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் ரங்க சங்கரா நாடக அரங்குக்கு நான் முதன்முறை சென்றபோது உள்ளே நுழையவே முடியவில்லை. நாடகம் இரவு 7.30 மணிக்கு, நான் வாசலை அடைந்தது 7.34க்கு. கையில் டிக்கெட் இருந்தது, எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வந்த களைப்பும் இருந்தது. இரண்டும் அங்கே செல்லுபடியாகவில்லை. "நாட்டக ஷுரு ஆயித்து சார்" (நாடகம் தொடங்கிவிட்டது) என்று வாசலில் நின்ற இளைஞர் பணிவாகச் சொன்னார். தாமதமாக வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்பது அரங்கின் அறிவிக்கப்பட்ட விதி. அதைப் படித்துவிட்டும் சாலையை நம்பிக் கிளம்பியது என் தவறு. ஏழரை என்றாலே சனிபகவானை நினைக்கும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வரவேற்பு கிடைத்திருக்காது.

அந்த விதியின் நியாயம் இரண்டாம் முறை உள்ளே அமர்ந்தபோதுதான் விளங்கியது. 300க்குச் சற்று மேற்பட்ட இருக்கைகளே உள்ள சிறிய அரங்கு அது. மேடை பார்வையாளர்களை நோக்கி முன்னால் நீண்டு வருகிறது. மக்கள் அதன் முன்னும் பக்கவாட்டிலும் படிப்படியாக உயரும் வரிசைகளில் அமர்கிறார்கள். இருட்டில் ஒருவர் கைப்பேசி வெளிச்சத்தில் இருக்கை தேடினால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு மட்டுமல்ல, நடிகருக்கும் கவனம் சிதறும். சென்னைச் சபாக் கச்சேரிகளில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகும் கூட்டத்தோடு வளர்ந்த எனக்கு, ஒன்றரை மணி நேரம் ஒரு கதவும் திறக்காத அரங்கு முதலில் விசித்திரமாகவும், பிறகு பெரிய மரியாதையாகவும் தோன்றியது. அந்த மரியாதை நடிகருக்கு எவ்வளவு உண்டோ, நேரத்துக்கு வந்து அமர்ந்த பார்வையாளருக்கும் அவ்வளவு உண்டு.

கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் நினைவாக எழுந்தது இந்த அரங்கு. மால்குடி டேஸ் தொலைக்காட்சித் தொடரை இயக்கியவர் என்றால் தமிழ் வாசகர்களில் பலருக்கு அவரைத் தெரிந்துவிடும். 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே நடந்த சாலை விபத்தில், 35 வயதில், அவர் இறந்தார். நாடகத்துக்கென்றே ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தை அவருடைய மனைவி அருந்ததி நாக் கைவிடாமல் சுமந்து, 2004 அக்டோபரில் இந்த அரங்கைத் திறக்கவைத்தார். நகரில் அதற்கு முன்பே பெரிய மன்றங்கள் இருந்தன. 1963இல் கட்டப்பட்ட ரவீந்திர கலாக்ஷேத்திரா உண்டு, வயலின் வடிவில் நிற்கும் சௌடையா நினைவு மண்டபம் உண்டு. ஆனால் விழா, கச்சேரி, பாராட்டுக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் மன்றத்தில் நாடகம் ஒரு விருந்தாளிதான். திங்கள் தவிர மற்ற நாட்களில் நாடகம் என்ற ஒழுங்கோடு இயங்கும் இடத்தில்தான் அது வீட்டுக்காரராகிறது. எம்.ஜி. சாலையின் பிளாசா திரையரங்கு இருந்த இடத்தில் மெட்ரோ நிலையம் வந்துவிட்ட ஊரில், இப்படி ஒரு முகவரி இருபது ஆண்டுகளைக் கடந்து நிற்பது சாதாரண செய்தியல்ல.

அதே மெட்ரோவை நான் குறை சொல்லவும் முடியாது. எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை செல்லும் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு, அந்த இரண்டாம் முறை, ஆர்.வி. சாலையில் பச்சைத் தடத்துக்கு மாறி, இரண்டாவது நிலையமான ஜெயபிரகாஷ் நகரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் ஏழு மணிக்கெல்லாம் அரங்கு வாசலில் இருந்தேன். எனக்கு ஏழரை மணி சாத்தியமானது அந்த ரயிலால்தான்.

அன்று பார்த்தது ஒரு கன்னட நாடகம். என் கன்னடம் காய்கறிக் கடையோடு நின்றுவிடுவது. ஆகவே வசனத்தில் கால்வாசி நழுவிப் போயிருக்கும். ஆனாலும் ஒலிவாங்கி எதுவும் இல்லாமல் பேசிய குரல்கள் எட்டாவது வரிசைக்கு அடிக்குரலின் கரகரப்போடு வந்து சேர்ந்தன. வயதான தாயாக நடித்தவர் மேடை விளிம்பில் அமர்ந்து பேசாமல் பூத் தொடுத்துக்கொண்டிருந்த ஒரு காட்சியில், அவர் நாரை இழுத்து அறுத்த சத்தம் கேட்டது. இதற்காகத்தான் பணம் கொடுத்து நாடகத்துக்குப் போகிறோம் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுத் திரையில் எவ்வளவு துல்லியமான படம் வந்தாலும் அந்தச் சத்தம் வேறு.

அரங்கில் கன்னடத்தோடு ஆங்கிலம், இந்தி உட்படப் பல மொழி நாடகங்களும் நடக்கின்றன; தமிழ் நாடகம் மட்டுமே வேண்டும் என்பவர்கள் மாத நிரலைக் கவனித்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருப்பதைவிடக் கொஞ்சம் கன்னடம் கற்றுக்கொள்வது விரைவான வழி என்பது என் கருத்து.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். டிக்கெட்டை இணையத்திலேயே வாங்கிவிடலாம். இருக்கை எண் கிடையாது, முதலில் வருபவருக்கே நல்ல இடம் என்பதால் அரை மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது. அந்த அரை மணியை வளாகத்து உணவகத்தில் கழிக்கலாம். ஜவ்வரிசி வடை மொறுமொறுப்பாக இருந்தது, அக்கி ரொட்டி (அரிசி ரொட்டி) அதைவிட ஒரு படி மேல். நாடகக்காரர்களும் அங்கேயே உட்கார்ந்து அடுத்த ஒத்திகையைப் பற்றி உரக்க விவாதிப்பார்கள். ஒட்டுக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. மேடைக்கு மிக அருகில் பக்கவாட்டு வரிசையில் அமர்ந்தால் சில காட்சிகளில் நடிகரின் முதுகைத்தான் பார்க்க நேரும். நடுவில், ஐந்தாம் வரிசைக்கு மேலே உட்காருங்கள். காரில் வருவதைத் தவிர்த்துவிடுங்கள். திரும்பும் ஆட்டோவுக்கு மட்டும், இரவு ஒன்பதரைக்கே மீட்டரோடு பாதி சேர்த்துக் கேட்பார்கள்; முதல் ஆளிடம் மறுத்துவிட்டு முக்கிய சாலை வரை நடந்தால், மூன்றாவது ஆள் மீட்டர் போடுகிறார்.