'இடிச்சிருச்சு' என்று சொன்னால் ஸ்டியரிங் தராத டிரைவிங் ஸ்கூல்

கார் பழக நல்ல இடம் எது என்று பொள்ளாச்சிப் பக்கமிருந்து இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே, ஒரு தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது இந்த டிரைவிங் ஸ்கூல். பேர் போட வேண்டாம் என்று ஆசான் கேட்டுக்கொண்டார். கேரளத்தில் டிரைவிங் மாஸ்டரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள், இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. ஊருக்குள் வந்து 'ஸ்டியரிங் கொடுக்காத ஆசான்' என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள்.

முதலில் எல்லோரும் கேட்கிற விஷயம். கார் பழக 8,500 ரூபாய், அரசாங்கக் கட்டணம் தனி. இரண்டு பழைய ஆல்டோ, மாஸ்டர் பக்கமும் கிளட்ச்சும் பிரேக்கும் உண்டு, ஏ.சி. கிடையாது. எட்டும் ஹெச்சும் போட்டுப் பழகச் சொந்த மைதானம் வைத்திருக்கிறார்கள், அதனால் அடுத்தவர் முடிக்கட்டும் என்று மணிக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை. ஆபீஸ் பெண் தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுகிறார். குறை என்று பார்த்தால், சுவரில் மாட்டியிருக்கும் சாலைக் குறியீட்டு அட்டவணை முழுக்க மலையாளத்தில் இருக்கிறது, பாதிப் பேர் தமிழ்ப் பிள்ளைகளாக வருகிற இடத்தில் இது தப்பு, இரண்டு தடவை சொல்லியும் மாற்றவில்லை. பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெண் மாஸ்டரும் இல்லை.

இனி நான் எழுத வந்த விஷயம்.

நான் அங்கே கூட்டிப் போனது புதிதாகப் பழகுகிற பையனை இல்லை. என் அக்கா மகன், 19 வயது. மச்சானுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கயிறு மில்லும் தோப்பும் இருக்கிறது, வீட்டில் மூன்று கார். பையனுக்கு லைசென்ஸ் எடுத்ததே 'நீங்க கிளாசுக்கு வரவே வேண்டாம், டெஸ்ட் அன்னிக்கு மட்டும் வந்தாப் போதும்' என்று சொல்லிப் பணம் வாங்கிய வேறொரு இடத்தில். இந்த வருஷ ஆரம்பத்தில் ஒருநாள் விடிகாலை, ராத்திரி முழுக்க நண்பர்களோடு சுற்றிவிட்டுத் திரும்பும்போது, கேரளப் பக்கத்திலேயே, சொசைட்டிக்குப் பால் கொண்டு போன ஒருவரின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மேல் மோதினான். அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் வண்டியை நிறுத்தினான். நிறுத்தி முதல் போன் அவன் அப்பாவுக்கு. 108-க்கு அடித்தது பின்னால் பைக்கில் வந்த யாரோ ஒரு புண்ணியவான்.

ஏழு மணிக்கு மச்சான் எனக்குக் கூப்பிட்டார். "உனக்குத்தான் அந்தப் பக்கம் ஆளுங்களைத் தெரியுமே, யாரைப் பார்க்கலாம்?" என்றார். அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்ட பிறகுதான் அந்த மனுஷனைப் பற்றிய பேச்சே வந்தது. நான் போய்ப் பார்த்தபோது ரோட்டில் பால் காய்ந்து வெள்ளைத் தடமாகக் கிடந்தது, கேனின் மூடி மட்டும் வாய்க்கால் ஓரம் கவிழ்ந்து கிடந்தது. அந்த மூடியை எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவருக்குத் தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். நாலு மாசம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. டிரைவர் அண்ணன் ஓட்டியதாக எழுதிக் கொடுத்துவிடலாம், அவருக்கு ஏதாவது செய்துகொள்ளலாம் என்று. டிரைவர் வாசலில் நின்றிருந்தார், அவர் காதில் விழும் தூரத்தில்தான் பேசினார்கள். அக்காதான் எழுந்து வந்து, "பெத்தவ நான் இருக்கேன், இன்னொருத்தி பெத்த பிள்ளை பேரை எழுதினீங்கன்னா நான் இந்த வீட்ல சோறு திங்க மாட்டேன்" என்றாள். அதோடு பேச்சு நின்றது. பையன் பேரிலேயே கேஸ் பதிவானது, லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள்.

இதையெல்லாம் எழுதக் காரணம், இது எங்கள் வீட்டோடு போகிற கதை இல்லை. 2024 மே 19 விடிகாலையில் புனே கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே மோதி இரண்டு இளம் ஐ.டி. எஞ்சினியர்கள் செத்தார்கள். அன்றைக்கே ஜாமீன், அதற்கான நிபந்தனைகளில் ஒன்று சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை. அப்புறம் ரத்த மாதிரியை மாற்றிவிட்டார்கள் என்ற புகாரில் அரசு மருத்துவமனை டாக்டர்கள் கைதானார்கள், அப்பா கைதானார், பழியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி வீட்டு டிரைவரை அடைத்துவைத்ததாகத் தாத்தாவும் கைதானார். பையனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கக் கேட்ட மனுவை 2025 ஜூலையில் சிறார் நீதி வாரியம் தள்ளிவிட்டது. அதில் எனக்குச் சண்டை இல்லை, சிறுவனைச் சிறுவனாகத்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் அந்தப் புகார்களைப் படிக்கும்போது எங்கள் வீட்டு வாசலில் நின்ற டிரைவர் அண்ணன் முகம்தான் எனக்கு வந்தது. பணம் எத்தனை கோடி என்பதில்தான் வித்தியாசம், முதலில் தோன்றுகிற யோசனை ஒன்றேதான்.

பழைய கதையும் உண்டு. 1999 ஜனவரியில் டெல்லியில் முன்னாள் கடற்படைத் தளபதியின் பேரன் ஓட்டிய பி.எம்.டபிள்யூ. ஆறு பேரைக் கொன்றது, அதில் மூன்று பேர் போலீஸ்காரர்கள். உச்ச நீதிமன்றம் கடைசித் தீர்ப்புச் சொன்னது 2012-இல். ஏற்கெனவே அனுபவித்த இரண்டு வருஷச் சிறை போதும், 50 லட்சம் கட்டு, இரண்டு வருஷம் சமூக சேவை செய் என்றது. பதின்மூன்று வருஷம்! அதற்குள் செத்தவர்கள் வீட்டுக் குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பையன் 17 வயதிலேயே பாலக்காடு வரை கார் ஓட்டியிருக்கிறான். கேரள ரோடுகளில் 726 ஏ.ஐ. கேமரா வைத்து 2023 ஜூனிலிருந்து அபராதம் போடுகிறார்களே, அதில் ஒன்று சீட் பெல்ட் போடாததற்கு 500 ரூபாய் சலான் அனுப்பியது. படத்தில் ஸ்டியரிங் பிடித்திருப்பது யார் என்று தெளிவாகத் தெரிகிறது. மச்சான் போனிலேயே 500-ஐக் கட்டிவிட்டு அந்தப் படத்தை எங்களுக்கெல்லாம் அனுப்பினார், 'சிங்கக்குட்டி' என்று எழுதி. நானும் சிரித்த பொம்மை ஒன்றைப் போட்டேன். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பதினெட்டு நிறையாதவன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 அபராதம், வண்டியின் ஆர்.சி. பன்னிரண்டு மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அன்றைக்கு யாராவது அந்தப் படத்தை உற்றுப் பார்த்திருந்தால் 19-இல் அவன் கையில் லைசென்ஸே இருந்திருக்காது, பால்காரரும் நடந்துகொண்டிருப்பார். பையன் தப்பைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு வாய் வரவில்லை.

சரி, ஆசானுக்கு வருகிறேன்.

முதல் நாள் பையனை உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்டார். "வளைவுல வந்தேனுங்க, திடீர்னு டி.வி.எஸ். குறுக்க வந்திருச்சு, வண்டி இடிச்சிருச்சுங்க" என்றான். ஆசான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஒண்ணுகூடிச் (இன்னொரு தடவை) சொல்லு. யாரு இடிச்சது?" என்றார். "வண்டி இடிச்சிருச்சுங்க." "அப்ப வண்டியைக் கூட்டிட்டு வா, வண்டிக்குப் படிப்பிச்சுக் கொடுக்கிறேன். நீ வீட்டுக்குப் போ."

பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. மாமன் முன்னால் அவனை யாரும் அப்படிப் பேசியதில்லை. ஆசான் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்க மலையாளத்துல இடிச்சுன்னா நானும் இடிச்சு, அவனும் இடிச்சு, வண்டியும் இடிச்சு. யாருன்னு வாக்கில இருக்காது. உங்க தமிழ்ல அப்படி இல்லல்லோ. இடிச்சேன்னு சொன்னா அதுக்குள்ளயே ஆள் இருக்கான். நல்ல பாஷை வச்சிருக்கீங்க, அதை வச்சே தப்பிக்கிறீங்க."

நாற்பத்தைந்து வருஷமாகத் தமிழ் பேசுகிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். 'ஆயிருச்சு', 'நடந்திருச்சு', 'வேகமாப் போயிருச்சு', மச்சான் வக்கீலிடம் பேசியது முழுக்க அப்படித்தான்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னார். அன்றைக்கு நடந்ததை எழுத வேண்டும், ஒவ்வொரு வரியும் இடிச்சேன் மாதிரி 'ஏன்' என்று முடிய வேண்டும். முந்நூறு வார்த்தை என்ற கணக்கெல்லாம் கிடையாது. பையன் மூன்று நாள் எடுத்துக்கொண்டான். அவனிடம் கேட்டுத்தான் இங்கே போடுகிறேன்: 'ராத்திரி தூங்காமல் ஓட்டினேன். நண்பன் சொன்னதும் எண்பதுக்கு ஏற்றினேன். போனை எடுத்துப் பார்த்தேன். பால்காரரை இடித்தேன். கண்ணாடியில் அவர் கிடப்பதைப் பார்த்தேன்.' அந்தக் கடைசி வரியை அவன் எழுதும்வரை, அவன் கண்ணாடியில் பார்த்தான் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

அதற்கு மேல் எழுத முடியாமல் வந்து, "ஆசான், நிறுத்தவில்லைன்னு எழுதினா 'ஏன்' வர மாட்டேங்குதுங்க" என்றான். "அப்ப முன்னால நான்னு போடு" என்றார் அவர். 'நான் நிறுத்தவில்லை. நான் 108-க்கு அடிக்கவில்லை.' நோட்டில் அந்த இரண்டு 'நான்' மட்டும் பேனா அழுத்தி, தாள் கிழியும் அளவுக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு ஓட்டுநரிடம் கேட்பதும் இதைத்தான், அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் போலீசுக்குத் தகவல் சொல்வதும் ஓட்டியவர் கடமை.

லைசென்ஸ் நிறுத்திய மூன்று மாதமும் அவனை ஸ்டியரிங் பக்கமே விடவில்லை. பின் சீட்டில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து வருவான், அவர்கள் தப்புப் பண்ணும்போது சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒருநாள் தோப்புக்குள் கூட்டிப் போய் மரத்துக்கு மரம் நடக்கவைத்தார். தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி விட்டு வைப்பது நம் வழக்கம். எண்பதில் போனால் ஒரு நொடிக்கு மூன்று மரத்தைத் தாண்டுகிறாய், போனை இரண்டு நொடி பார்த்தாயானால் ஆறு மரம் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கிறாய் என்றார். நானும் கூடவே நடந்தேன். ஆறாவது மரத்தில் நின்று முதல் மரத்தைத் திரும்பிப் பார்த்தால் அதன் அடியில் வைத்திருந்த செருப்பு தெரியவில்லை. தோப்புக்காரன் மகன் அவன், பிறந்ததிலிருந்து தென்னையைப் பார்க்கிறான், ஆனால் அன்றைக்குத்தான் எண்ணினான்.

பால்காரர் வீட்டுக்கு ஆசான் போகச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நஷ்ட ஈடு இன்சூரன்சும் கோர்ட்டும் பார்க்கிற விஷயம், கேஸ் இன்னும் நடக்கிறது. இவனாகவே ஒருநாள் போயிருக்கிறான். அந்த அம்மா உள்ளே கூப்பிடவில்லை, திண்ணையிலும் உட்காரச் சொல்லவில்லை. அவர்கள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அடுத்த வாரம் திரும்பவும் போனான், அன்றைக்கும் வாசலோடு சரி. நான் பத்திரமாக வைத்திருந்த கேன் மூடியை அவனிடம்தான் கொடுத்தனுப்பினேன், அதை மட்டும் வாங்கிக்கொண்டார்களாம்.

மச்சானுக்கு இந்த ஸ்கூல் பிடிக்கவில்லை. 8,500 கட்டி மூன்று மாசம் பின் சீட்டில் உட்காரவைக்கிறானே, இது என்ன டிரைவிங் ஸ்கூலா என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயம்தான், சீக்கிரம் லைசென்ஸ் வேண்டும், டெஸ்ட் பாஸ் ஆக வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. ஆசான் எல்லோரையும் இப்படி நடத்துவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதல் வாரமே மைதானத்தில் ஸ்டியரிங் கொடுத்துவிடுகிறார். கேஸோடு வருகிற பையன்களுக்குத்தான் நோட்டும் பின் சீட்டும். அதிலும் கூட வந்த அப்பா பையனுக்குப் பதிலாகப் பேசினால் இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார், நான் இருந்தபோதே ஒரு ஃபார்ச்சூனர் அப்படித் திரும்பிப் போனது.

லைசென்ஸ் திரும்பி வந்த பிறகு ரோட்டில் ஆறு நாள் ஓட்டியிருக்கிறான். அந்த வளைவு வரும்போது நாற்பதுக்குக் கீழே இறங்குகிறான், கை லேசாக நடுங்குகிறது. ஆசான் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது அந்த மலையாள அட்டவணைக்கும் பெண் மாஸ்டர் இல்லாததற்கும். ஞாயிறு லீவு. காலை ஆறு மணி பேட்சில் இடம் கிடைப்பது கஷ்டம், ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். வெயில் காலத்தில் போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள், பக்கத்தில் கடை இல்லை.