புழுவின் குடலில் எந்தப் புரதம் வெல்லும்?

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் அடிக்கும் பூச்சிமருந்து, அடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே நாம் குடிக்கும் கிணற்றுநீரை எட்டக்கூடியது. ஆகவே, பூச்சியைத் தடுக்கப் பயிர்கள் தமக்குள்ளேயே ஆக்கிக்கொள்ளும் காப்புப் புரதங்கள் நமக்கு வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. ஆனால் அவற்றின் ஆற்றல் ஒரே அளவினதன்று.

அதிகம் பேசப்படுபவை, பூச்சியின் குடலில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் புரதங்கள். வண்டு கடித்த உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளில் கடிபடாத இலைகளிலும் இவை பெருகுவதை 1972 இல் கிரீன், ரையன் என்னும் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 1987 இல் கௌபியின் திரிப்சின் (புரதத்தைச் செரிக்கும் நொதியம்) தடுப்பானுக்குரிய மரபணு புகையிலையில் புகுத்தப்பட்டபோது, அந்த இலையைத் தின்ற புழுக்கள் நலிந்தன. எனினும் பல புழுக்கள் தடுப்பானுக்கு மசியாத வேறு நொதியங்களைச் சுரந்து தப்பிவிடுவதால், இதை மட்டும் நம்பிப் பயிர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பப்பாசியின் வழி இதற்கு நேர்மாறானது. இலைக்காம்பைக் கிள்ளினால் வழியும் பாலிலுள்ள பப்பெயின், செரிமானத்தைத் தடுப்பதில்லை. தானே புரதத்தை வெட்டும் நொதியம் அது. யப்பானில் 2004 இல் வெளியான ஆய்வில், புகையிலையை அரிக்கும் புழு உட்படப் பலவகைப் பயிர்களைத் தின்னும் புழுக்களுக்குப் பப்பாசி இலை நஞ்சாயிற்று. இலையை நறுக்கிப் பாலைக் கழுவியதும் அந்த நஞ்சு இல்லாமற்போயிற்று. காவல் வலியது, ஆனால் பாலோடு பிணைந்தது. பால் சுரக்காத மிளகாய்க்கு அதை அப்படியே கொண்டுசெல்ல இயலாது.

என் கணிப்பில் நமக்கு மிக நெருக்கமானது போஞ்சி விதையிலுள்ள, மாப்பொருளைச் செரிக்கும் நொதியத்தை முடக்கும் அமிலேசுத் தடுப்பானே. பயறும் கௌபியும் வைத்த வீடுகளுக்கு வண்டின் வேலை தெரியும்: மணியின் தோலில் வெண்புள்ளியாய் ஒட்டிய முட்டை, உள்ளே துளைத்துச் சென்று பருப்பைத் தின்னும் புழு, பின்னர் வட்டத் துளையிட்டு வெளிவரும் வண்டு. மணிக்குள்ளேயே வளரும் அப்புழு மாப்பொருளைச் செரிக்கமுடியாமல் மடிய இத்தடுப்பான் வழிசெய்கிறது; 1994 இல் இதைப் பெற்ற பட்டாணி, கௌபி வண்டை எதிர்த்து நின்றது. ஆயினும் போஞ்சியையே உண்டு பழகிய மெக்சிக்கோ வண்டை இது அசைப்பதில்லை. மேலும், இதே புரதம் கொண்ட பட்டாணி சுண்டெலிகளில் ஒவ்வாமை போன்ற எதிர்வினையை ஏற்படுத்தியதாக 2005 இல் ஆய்வு வெளிவந்ததையடுத்து, அவுஸ்திரேலியாவில் அம்முயற்சி கைவிடப்பட்டது. அத்தகைய சோதனை முன்கூட்டியே நடப்பதுதான் முறை.

சாறுறிஞ்சும் பூச்சிகளுக்குப் பூண்டு இலையின் லெக்டின் என்னும், சர்க்கரை மூலக்கூறுகளில் ஒட்டும் புரதம் நெல்லில் பயன் தந்துள்ளது. மேற்கண்ட செரிமானத் தடுப்பான்கள், இலையைக் கடியாமல் சாற்றை மட்டும் உறிஞ்சும் தத்திகளுக்கு அவ்வளவு எட்டுவதில்லை.

ஆகவே, ஒரு புரதத்தைத் தேர்வதற்கு முன் எந்தப் பூச்சி, இலையிலா மணியிலா என்று பார்க்கவேண்டும். களஞ்சியத்து வண்டுக்கு அமிலேசுத் தடுப்பானையும், தோட்டத்துப் புழுவுக்கு ஒன்றல்ல, வெவ்வேறு வழியில் தாக்கும் இரண்டு புரதங்களைச் சேர்த்தும் நான் முன்னிறுத்துவேன்.