ஒன்பது இஞ்ச் பில்லரும் ஒரு டிசைன் ஆபீஸும்: என் அனுபவம்

மேடவாக்கம் பக்கம் வீடு கட்டுகிறோம், கீழே முழுக்க கார் பார்க்கிங், மேலே இரண்டு மாடி. ஒன்பதுக்கு ஒன்பது பில்லர் போதும் சார், சுவரோடு சுவராகப் போய்விடும், பீரோ வைக்க இடைஞ்சல் இருக்காது என்றார் மேஸ்திரி. எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்தவர் சொன்ன ஒரு ஸ்ட்ரக்சரல் டிசைன் ஆபீஸில் கொடுத்தேன். சதுர அடிக்கு 12 ரூபாய், மூன்று முறை சைட்டுக்கு வந்து பார்ப்பதும் அதிலேயே அடக்கம்.

அங்கிருந்த இன்ஜினியர் முதலில் கை வைத்தது பில்லரில்தான். சென்னையை 2002லேயே மிதமான ஆபத்துள்ள மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் கான்கிரீட் கட்டடம் பூகம்பத்தைத் தாங்குவதற்கான ஐஎஸ் 13920 என்ற இந்தியத் தர விதி பொருந்தும், அதன் 2016 பதிப்புப்படி பில்லரின் எந்தப் பக்கமும் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒன்பது இஞ்ச் என்பது 230தான். "மெட்ராஸில் எங்கே சார் பூகம்பம்?" என்று கேட்டேன். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 வந்ததே என்றார். அட, அன்று நாங்களே தெருவில்தான் நின்றோம்.

பார்க்கிங் விஷயத்தில் இன்னும் கறார். அதே வருடம் ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில், கீழே சுவரே இல்லாமல் பில்லர் மட்டும் வைத்துக் கட்டிய அடுக்குமாடிகள் பல சரிந்தன. மாடிகளைச் செங்கல் சுவர் விறைப்பாகப் பிடித்துக்கொள்வதால் ஆட்டம் மொத்தமும் கீழ்த்தளப் பில்லர் தலையில் விடிகிறது. அதனால் இரண்டு திசைக்கும் கான்கிரீட் சுவர் போட்டுக் கொடுத்தார். ஒரு ஸ்கூட்டர் நிறுத்தும் இடம் போனது, போகட்டும்.

வரைபடத்தைக் குறை சொல்லவே முடியாது. பில்லரின் தலையிலும் காலிலும் மூன்று இஞ்சுக்கு ஒரு ரிங் (நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம்), ரிங்கின் கொக்கி 135 டிகிரி வளைந்து உள்ளே போக வேண்டும் என்று படம் போட்டே காட்டியிருந்தார்கள். 90 டிகிரியில் மடித்தால் ஆட்டத்தில் மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய் பிளந்துவிடுமாம், அப்புறம் உள்ளே கம்பியைப் பிடிக்க ஆளில்லை.

சொதப்பியது சைட்டில். அஸ்திவாரத்துக்கு ஒழுங்காக வந்தவர்கள், கீழ்த்தளப் பில்லருக்கு "வாட்ஸப்பில் போட்டோ அனுப்புங்க சார், பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். அனுப்பினேன், ஓகே என்று பதில் வந்தது. சும்மா இருக்காமல் நானே கிட்டே போய்ப் பார்த்தால், பாதி ரிங்கில் கொக்கி 90 டிகிரிதான், போட்டோவில் அது எங்கே தெரியப்போகிறது! சத்தம் போட்ட பிறகு இன்ஜினியர் நேரில் வந்தார், எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னார், இரண்டு நாள் கூலி என் கையை விட்டுப் போனது.

டிசைனுக்கு ஐந்துக்கு ஐந்து, மேற்பார்வைக்கு இரண்டு. இவர்களிடம் கொடுப்பதாக இருந்தால், ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போடும் முன் நேரில் வருவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். பில்லர் மூன்று இஞ்ச் துருத்திக்கொண்டு நிற்பதில் வீட்டம்மாவுக்கு இன்னும் கோபம்தான், பீரோவை வேறு அறைக்கு மாற்றியாயிற்று.