ஒரு அங்குல மீடியம் இஆர்டபிள்யூ பைப்: கைப்பிடிக்கு எடுக்கலாமா?

இஆர்டபிள்யூ என்றால் தகட்டை வளைத்து, விளிம்புகளை மின்சாரத்தால் ஒட்டிய எஃகுக் குழாய். படிக்கட்டுக் கைப்பிடிக்கு ஐஎஸ் 1239 (எஃகுக் குழாய்க்கான இந்தியத் தரநிலை) மீடியம் ரகம் தாராளமாகப் போதும். நீலப் பட்டை இருக்கும். சுவர்க் கனம் 3.2 மி.மீ., 6 மீட்டர் கருப்பு (துத்தநாகம் பூசாத) பைப் ஏறக்குறைய 14.5 கிலோ. மஞ்சள் பட்டை லைட் ரகம் 2.6 மி.மீ. தான். பட்டையை மட்டும் நம்பாமல் எடை போட்டே வாங்குங்கள்.

இதன் பலமெல்லாம் வெல்டு கோட்டில்தான். தகட்டுச் சுருளை உருளைகளில் வளைத்து, உயர் அதிர்வெண் மின்சாரத்தால் விளிம்புகளைச் சூடேற்றி, அழுத்து உருளைகள் நெருக்கி ஒட்டவைக்கின்றன. வெல்டிங் ராடு கிடையாது. சூடோ அழுத்தமோ குறைந்தால் விளிம்பில் ஆக்சைடு சிக்கிக்கொள்ளும். வெளியே வழவழவென்று தெரிந்தாலும் வளைக்கும்போது பிளக்கும்.

சோதிக்க 50 மி.மீ. துண்டு வெட்டி, கோடு மேலே இருக்கும்படி வைஸில் (பட்டறைப் பிடிகருவி) பக்கவாட்டில் நசுக்குங்கள். கோடு விரிந்தால் அந்த லாட்டே வேண்டாம். வளைக்கும்போது கோட்டை வளைவின் வெளிப்புறமும் உட்புறமும் வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள்.

குறை ஒன்று: உள்ளே வெல்டு பிசிறு அப்படியே நிற்கும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் டெலஸ்கோப் வேலைக்கு இது ஆகாது. அதற்கு மாண்ட்ரல் (உள்ளே வைக்கும் தண்டு) மேல் குளிர்நிலையில் இழுத்த டிஓஎம் குழாய், விலை கூடினாலும், அதுவே சரி.