படக் கார்டா, டேப்லெட்டா?

பேச்சு வராத பிள்ளைக்கு எதை முதலில் கொடுப்பது என்று காரைக்குடிப் பக்கம் பெற்றோர் பலர் கேட்கிறார்கள். என் ஓட்டு படக் கார்டுக்குத்தான். 1985-இல் அமெரிக்காவில் உருவான பெக்ஸ் (PECS) என்ற படப் பரிமாற்ற முறைப்படி, பணியாரம் வேண்டுமென்றால் பிள்ளை அதன் படத்தை எடுத்து அப்பத்தா கையில் கொடுக்க வேண்டும், அவரும் கேள்வி கேட்காமல் உடனே ஒரு பணியாரத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு ஆளிடம் போய்க் கேட்டால் கிடைக்கும் என்பது அப்படித்தான் பதியும். செலவும் லேமினேஷன், வெல்க்ரோ அளவுதான். ஆனால் கார்டு பெருகப் பெருகத் தேடுவதே பெரும்பாடு.

சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற ஆப்பில் அந்தத் தொல்லை குறைவு. படத்தைத் தொட்டால் தமிழிலேயே பேசும், வளவில் உட்கார்ந்து தொட்டால் அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்கும். கீபோர்டும் உண்டு என்பதால் எழுத்துப் பழக இதுதான் மேல். சார்ஜ் போனால் குரலும் போச்சு, யூடியூப் வேறு இழுக்கும் (பூட்டி வையுங்கள்).

எதைக் கொடுத்தாலும் "அப்புறம் வாயால பேசவே மாட்டான்" என்று ஐயா பயப்படுவார். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சரி, டேப்லெட் வாங்கினாலும் கார்டை வீசிவிடாதீர்கள், குளிக்கப் போகும்போது அதுதான் உதவும்.