பக்ஸ் பன்னியின் இரண்டு மறுபிறவிகள்

எங்கள் வீட்டில் கார்ட்டூனுக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம்தான். அந்த அரை மணியை பக்ஸ் பன்னி என்ற குறும்பு முயலின் எந்த அவதாரத்துக்குக் கொடுப்பது? 2011இல் தொடங்கிய ‘தி லூனி டியூன்ஸ் ஷோ’வுக்கா, 2020இல் வந்த ‘லூனி டியூன்ஸ் கார்ட்டூன்ஸ்’ தொடருக்கா? ஆறு வயது மகளோடு மூன்று வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு 2020ஐத் தேர்ந்தெடுத்தேன். ஓவியம், குரல் விஷயத்தில் இரண்டின் மீதும் எனக்குப் பெரிய குறையில்லை.

2011 தொடர் அடிப்படையில் குடும்ப நகைச்சுவை நாடகம். அத்தியாயம் சுமார் 22 நிமிடம். பக்ஸும் டாஃபி என்ற வாத்தும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். பக்ஸ் கேரட் சீவும் கருவியைக் கண்டுபிடித்து, அந்த வருமானத்தில் காலாட்டிக்கொண்டு வாழ்கிறான். டாஃபி அவன் தயவில் காலம் தள்ளுகிறான். ஊர்வலத்துக்கு ஜோடித்த வண்டிதான் அவனுக்குக் கார். பக்ஸின் காதலி லோலா மூச்சு விடாமல் பேசுகிறாள். எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் குழந்தைகள் எதையும் ஒருமுறை பார்த்துவிட்டு விடுவதில்லை. பேச்சை நம்பிய நகைச்சுவை அடுத்த முறையே பாதி கரைந்துவிடுகிறது. விழுவதை நம்பிய நகைச்சுவை அப்படியில்லை, எப்போது விழ வேண்டும் என்ற கணக்கு சரியாக இருந்தால். திரையில் வினாடிக்கு 24 பிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள். ரோடு ரன்னர் என்ற பறவையைத் துரத்தும் ஓநாய் இனத்துக் கொயோட்டி பள்ளத்தாக்கில் விழுந்து புள்ளியாகி மறைய 18 பிரேம், அடியில் மோத இன்னும் 14 பிரேம் என்று கணக்கு வைத்திருந்தார் அவனை உருவாக்கிய சக் ஜோன்ஸ். மொத்தம் ஒன்றரை வினாடிகூட இல்லை. மோதப் போகிறான் என்று தெரிந்தே அந்த 14 பிரேமுக்காகக் காத்திருக்கிறோம். எத்தனையாவது முறை என்பது அங்கே பொருட்டே இல்லை.

2020 தொடருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. ‘டைனமைட் டான்ஸ்’ என்ற குறும்படத்தில் பக்ஸை எப்போதும் வேட்டையாட அலையும் எல்மர் ஃபட் அரிவாளோடு துரத்துகிறான். இத்தாலிய இசையமைப்பாளர் பொன்கியெல்லியின் நடன இசை ஓட, பக்ஸ் அவன் வாயில், காதில், வழுக்கைத் தலையில் என்று டைனமைட்டைச் செருகிக்கொண்டே போகிறான். கதை அவ்வளவுதான். என் மகள் இப்போதெல்லாம் வெடிப்பதற்கு ஒரு நொடி முன்பே தன் காதுகளைப் பொத்திக்கொள்கிறாள், பிறகு சிரிக்கிறாள்.

எல்மரின் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று இந்தத் தொடர் வந்தபோது பலர் புலம்பினார்கள். துப்பாக்கி வெறும் கருவி. அரிவாள் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 1975இல் டாமையும் ஜெர்ரியையும் நண்பர்களாக்கிப் புதுத் தொடர் எடுத்தார்களே, அங்கேதான் பறிபோகக் கூடாதது பறிபோனது. துரத்தாத பூனையை எத்தனை நேரம் பார்ப்பது?

2020இலும் சொத்தைகள் உண்டு. சில குறும்படங்களில் கூச்சல் மட்டுமே மிஞ்சுகிறது. பிந்தைய பகுதிகளை நான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பார்த்தேன். பார்ப்பவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது என்றால் என் தீர்ப்பு மாறினாலும் மாறலாம். வீட்டில் இருப்பது ஆறு வயதுதான். லோலாவின் பேச்சைக் கேட்க நான் மட்டும் அவ்வப்போது 2011க்குப் போய்வருகிறேன், அதுவும் இன்னும் பார்க்காத அத்தியாயமாகத் தேடி.